அமெரிக்காவுக்கு வந்த பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால்: கிரீன் கார்டு முதல் கிளினிக் வரை

ஊரில் டாக்டராக வேண்டும் என்றால் நீட்டில் எத்தனை மார்க் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் மார்க் இரண்டாவது கேள்விதான். உன் விசா என்ன என்பது முதல் கேள்வி. அதை யாரும் முகத்துக்கு நேராகக் கேட்பதில்லை. அதனால் மூன்று வருடம் கெமிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டிவிட்டு, விண்ணப்பம் போடுகிற நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்கு விஷயம் புரிகிறது.

நான் 17 வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு வந்தவள். அத்தை அப்பாவுக்காகப் போட்ட மனு என் பள்ளிப் பருவம் முழுக்க வரிசையில் நின்றது. வந்து இறங்கியதும் அப்பாவுக்குப் பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட், அம்மாவுக்கு ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் வேலை. இப்போது அதே பள்ளத்தாக்கில் ஃபேமிலி மெடிசின் டாக்டராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளிகள், அவர்களுடைய பிள்ளைகள், கொஞ்சம் பஞ்சாபி லாரி ஓட்டுநர்கள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஹ்மாங் இனப் பாட்டிமார்கள். இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். சட்டமும் தொகையும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வருடத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம்

கிரீன் கார்டு இருந்தால் பாதி பாரம் இறங்கியது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் புகலிடம் பெற்றவர்களுக்கும் அப்படியே. ஃபாஃப்சா படிவம் நிரப்பி அரசு உதவித்தொகையும் கடனும் கேட்கலாம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கிரீன் கார்டுக்காரரை உள்நாட்டு மாணவராகவே நடத்தும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கதவு குறுகல். பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. எடுக்கிற சில கல்லூரிகளும் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும். அரசுக் கடன் கிடையாது. பட்டியல் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது தரவரிசையை அல்ல, "வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறோமா" என்ற ஒற்றை வரியை. மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற தகவல் தளத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் இது இருக்கும்.

பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் இருப்பார், வீடு வாங்கியாயிற்று, பிள்ளை இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்தது. ஆனால் 21 வயது நிறைந்தால் எச்-4 முடிந்துபோகும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் உங்களுக்கே தெரியும். மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002-இல் வந்த சட்டம் இடம் தருகிறது. அந்தக் கணக்கு உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பதினெட்டு வயதிலேயே கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழு மாமாவிடம் அல்ல. அவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொல்வது அவருடைய வழக்கின் கதை.

சிறுவயதில் ஆவணமில்லாமல் வந்தவர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு தரும் டாக்கா (DACA) பெற்ற பிள்ளைகளும் மருத்துவம் படிக்கிறார்கள். சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரிட்ச் மருத்துவக் கல்லூரிதான் முதலில் வெளிப்படையாகக் கதவு திறந்தது. பின்னர் வேறு சிலவும் சேர்ந்தன. கலிஃபோர்னியாவில் ஃபாஃப்சாவுக்குப் பதிலாக ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆவணம் இல்லாதவர்கள் தகுதி இருந்தால் அதன் வழியாக மாநில உதவி கேட்கலாம்.

கிரீன் கார்டுக்காரர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று: டாக்டர் பற்றாக்குறையுள்ள இடங்களில் வேலை பார்ப்பதற்காகப் படிப்புச் செலவை ஏற்கும் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் உதவித்தொகை குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு போதாது. பொதுவாக ஐந்து வருடம் நிறைந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், நிறைவதற்கு 90 நாள் முன்பே மனு போடவும் முடியும். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கல்லூரி: மலிவானதில் தொடங்குங்கள்

இங்கே முதலில் ஒரு பட்டம், அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தப் பட்டத்துக்கு நேராக நான்கு வருடப் பல்கலைக்கழகம் போகாவிட்டால் டாக்டராக முடியாது என்று நம் ஆட்கள் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். குடும்ப வருமானம் குறைவு என்றால் அதையும் காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் தள்ளுபடி செய்துவிடும். இரண்டு வருடம் கழித்து யூசி (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) அல்லது கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்துவிட்டு மட்டுமே வகுப்பில் சேருங்கள். ஆலோசகர் சொன்னார் என்பதற்காக ஒரு செமஸ்டரை வீணாக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு.

மருத்துவக் கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது: ஆய்வகத்தோடு உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், அப்புறம் உயிர்வேதியியல், புள்ளியியல், ஆங்கிலம். உளவியலும் சமூகவியலும் நுழைவுத் தேர்வுக்கு வேண்டும். ஊரில் பிளஸ் டூவில் இதெல்லாம் படித்தாயிற்றே என்று தோன்றும். பாடம் எளிதாக இருக்கும், கணக்கில் எடுக்க மாட்டார்கள். இந்தியாவில் பட்டமே முடித்திருந்தாலும், பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவில் எடுத்த பாடங்களைக் கேட்கும்.

முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் கால்குலஸும் ஒன்றாக எடுத்து, வாரத்துக்கு முப்பது மணி நேரம் கடையிலும் நின்றால் மதிப்பெண் சரியும். சரிந்தால் மறுபடி எழுதி மறைக்க முடியாது. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண் இரண்டும் சேர்த்தே சராசரி போடுவார்கள். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கெடு தேதிக்கு முன் விலகி "டபிள்யூ" வாங்குவது "எஃப்" வாங்குவதைவிட எவ்வளவோ மேல். பல்கலைக்கழகத்துக்கு மாறியபின் மேல்நிலை அறிவியல் பாடங்கள் நான்கைந்தில் நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டினால், கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் எளிதாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் தேர்வுக்குழுவுக்கு வராது.

என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு "நர்சிங் உனக்குப் போதுமே" என்று சொன்ன ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். நர்சிங் குறைந்த வேலையில்லை. ஆனால் உங்கள் நாக்கைப் பார்த்து அடுத்தவர் அதை முடிவு செய்யக்கூடாது. நர்ஸ், பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டர் மூவரும் ஒரு நாளில் என்ன செய்கிறார்கள் என்று கிட்ட நின்று பாருங்கள். "ஏன் நர்ஸ் ஆகக்கூடாது?" என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள், அதற்கான பதிலும் அங்கேதான் கிடைக்கும்.

நோயாளிகள் பக்கத்தில்

இந்தப் பகுதிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கச் சொல்வேன். சேவை என்பது விண்ணப்பத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஆகிவிட்டது. கோடை விடுமுறையில் பணம் கட்டி வேறு நாட்டுக்குப் போய், ஒரு வாரம் ரத்த அழுத்தம் பார்த்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சான்றிதழ் படிப்பு முடித்து, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தால் கற்றுக்கொள்வது அதிகம். சம்பளமும் வரும்.

நான் செய்தது நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பு. கலிஃபோர்னியாவில் வகுப்பும் செய்முறையும் சேர்த்து 160 மணி நேரம். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவுக்கு வருத்தம், "இதுக்கா அமெரிக்கா வந்தோம்" என்று. ஆனால் படுக்கைப்புண் எப்படி ஆரம்பிக்கிறது என்று எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித்தந்ததில்லை. ஆம்புலன்சில் போகும் இஎம்டி, டாக்டருக்குக் குறிப்பு எழுதும் ஸ்க்ரைப், ரத்தம் எடுக்கும் ஃப்ளெபாட்டமிஸ்ட் எல்லாமே நல்ல வழிகள்தான். ஸ்க்ரைப் வேலையில் டாக்டர் யோசிக்கும் விதம் தெரியும். நர்சிங் அசிஸ்டென்ட் வேலையில் நோயாளி படும் பாடு தெரியும். ஒன்றுதான் முடியும் என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

மொழி தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: மருத்துவ மொழிபெயர்ப்பாளர். தேசிய அளவிலான சான்றிதழ் தேர்வுக்குப் போகக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போய் எட்டு வயதிலிருந்து பேசிய பழக்கம் பலருக்கு இருக்கும். ஆனால் அது வேறு. அவசரம் தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் கீழ் வந்தது. பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது, நோயாளி சொல்லாததைச் சேர்க்காதே, சங்கடமானதை விட்டுவிடாதே என்பதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அம்மாவிடம் பாதியாகக் குறைத்துச் சொன்ன பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

தமிழுக்கு எங்கள் பக்கம் தேவை குறைவு. அதனால் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியிலேயே பாடமாக எடுத்தால் கிரெடிட்டும் கிடைக்கும். ஸ்பானிஷோடும் முடிந்துவிடாது. மெக்சிகோவின் ஒஹாகாவிலிருந்து வந்த பல தொழிலாளிகளின் தாய்மொழி மிக்ஸ்டெக். ஸ்பானிஷில் தலையாட்டிவிட்டு மாத்திரை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போவார்கள். தலையாட்டலை நம்பாமல், "வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இந்த வயதிலேயே வரட்டும்.

எங்கே போய்ச் சேர்வது? உங்கள் ஊரில் கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் இருக்கிறதா என்று அரசின் எச்ஆர்எஸ்ஏ தளத்தில் அஞ்சல் குறியீடு போட்டால் காட்டும். நாடு முழுக்க ஏறக்குறைய 1,400 அமைப்புகள் இப்படி இயங்குகின்றன. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் அங்கே வைத்தியம் பார்ப்பவர்களாகவே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு 1965-இல் தொடங்கியது. பாஸ்டனின் கொலம்பியா பாயிண்ட், மிசிசிப்பியின் மவுண்ட் பாயூ என்ற இரண்டு இடங்களுக்கும் ஜாக் கைகர், கவுண்ட் கிப்சன் என்ற இரண்டு டாக்டர்கள் அரசு நிதி வாங்கினார்கள். மவுண்ட் பாயூவில் பட்டினியால் நோயுற்ற குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதினார்கள். மளிகைக் கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிட்டு மருந்துக் கணக்கில் பில் அனுப்புவார். மருந்துப் பணத்தை மளிகைக்குச் செலவழிக்கலாமா என்று மேலிடம் கேட்டபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்தே உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். தன்னார்வலராகச் சேர்வதற்கு முன் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள். வரவேற்பில் நிற்கும் வேலை கிடைத்தாலும் நீங்கள் பார்ப்பது வேறாக இருக்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி நான் பார்த்துக் கற்றது வேலி ஃபீவர். மண்ணில் இருக்கும் பூஞ்சைதான் காரணம். புழுதியோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போகும். காய்ச்சல், இருமல், வாரக்கணக்கில் அசதி. நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், கேட்காது. "என்ன வேலை செய்கிறீர்கள், எந்த வயலில்?" என்று கேட்டால்தான் ரத்தப் பரிசோதனை எழுதத் தோன்றும். உங்கள் ஊரில் அது வேலி ஃபீவராக இருக்காது. ஈயக் குழாயாகவோ, நிலக்கரித் தூசியாகவோ, மருந்துக்கடையே இல்லாத அறுபது மைலாகவோ இருக்கும். அது என்னவென்று கண்டுபிடியுங்கள்.

ஒரு எக்செல் தாளில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: இடம், தொடக்க, முடிவுத் தேதி, மணி நேரம், மேற்பார்வையாளர் பெயர், தொலைபேசி. மனதைத் தொட்ட சம்பவத்துக்கு இரண்டு வரி, நோயாளி பெயர் இல்லாமல். இரண்டு மூன்று வருடம் கழித்து இதைத் தேடி அலைவீர்கள்.

எம்கேட்டும் விண்ணப்பமும்

எம்கேட் என்பது மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு, 472-இலிருந்து 528 வரை மதிப்பிடுவார்கள். இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய ஏழரை மணி நேரம். சேர்க்கை கிடைப்பவர்களின் சராசரி 511, 512-ஐ ஒட்டி இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் பகுதிகள் பழகிவிடும். இடிப்பது கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதி: 90 நிமிடத்தில் 53 கேள்வி, தத்துவம், கலை, வரலாறு என்று பத்திகள். வெளியறிவு எதுவும் தேவையில்லை, எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் பிடிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை படித்து, ஒரே வாக்கியத்தில் அதன் வாதத்தை எழுதிப் பழகுங்கள். கான் அகாடமியின் இலவச வீடியோக்களும், தேர்வு நடத்தும் ஏஏஎம்சியின் மாதிரித் தேர்வுகளும் போதும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் கோச்சிங் எல்லோருக்கும் தேவையில்லை.

பணம் கட்டும் முன் அதே ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டத்துக்கு மனு போடுங்கள். கிடைத்தால் தேர்வுக் கட்டணம் குறையும், 20 கல்லூரிகள் வரை விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் முன்னாலேயே கட்டிய பணம் திரும்ப வராது. அதனால்தான் முதலில் மனு.

ஆம்காஸ் மே மாதம் திறக்கும். ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிடப் பாருங்கள், தாமதித்தால் இடம் குறையும். செயல்பாடுகளுக்கு 15 இடம், அதில் மூன்றை முக்கியமானவையாகக் குறிக்கலாம். தனிக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. டெக்சாஸுக்குத் தனி விண்ணப்பம், ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு இன்னொன்று. ஆஸ்டியோபதி என்றதும் "அது டூப்ளிகேட் டாக்டரா?" என்று கேட்கும் பெரியப்பாக்களுக்கு: டிஓ பட்டம் பெற்றவருக்கும் எம்டி பெற்றவருக்கும் இங்கே ஒரே அதிகாரம்தான், எங்கள் கிளினிக்கில் இருவருமே உண்டு. கரீபியன் தீவுகளுக்கோ, இந்தியாவில் என்ஆர்ஐ கோட்டாவுக்கோ போகும் முன் ஒரு கணக்கைப் பாருங்கள். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெற வேண்டிய பயிற்சிக்கு ரெசிடென்சி என்று பெயர். 2024-இல் அந்த இடம் கிடைத்த அமெரிக்க எம்டி மாணவர்கள் 93 சதவீதத்துக்கு மேல். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமக்கள் 67 சதவீதம்.

கட்டுரையில் விமானத்தில் வந்து இறங்கிய காட்சியை எழுதாதீர்கள். குழுவில் இருப்பவர்கள் அதை நிறையப் படித்திருப்பார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு இரவு நடந்ததையோ, நீங்கள் கவனித்த ஒரு கேள்வியையோ எழுதுங்கள். கஷ்டங்களைச் சொல்ல "மற்ற முக்கிய அனுபவங்கள்" என்று தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே வருமானம், வேலை நேரம், தம்பியைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் அலங்காரமில்லாமல் சொல்லலாம். கிராமப்புறத்துக்கும் வசதி குறைந்த பகுதிகளுக்கும் தனிப்பயிற்சி தரும் கல்லூரிகளைத் தேடுங்கள். யூசி கல்லூரிகளின் ப்ரைம் பிரிவுகள் அப்படிப்பட்டவை. அதில் ஒன்று எங்கள் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கென்றே இருக்கிறது.

கடனும் ஒப்பந்தமும்

2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பல கல்லூரிகளில் வாழ்க்கைச் செலவோடு சேர்த்தால் ஒரு வருடச் செலவு இதைத் தாண்டும். மீதிக்குத் தனியார் கடன் என்றால் வட்டியையும், கையெழுத்துப் போடப்போகும் ஜாமீன்தாரரையும் யோசியுங்கள். கல்லூரி தரும் உதவித்தொகை அதிகமாக இருந்தால் பெயர் குறைந்த கல்லூரியே நல்லது.

நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோரில் இரண்டு வழி. படிக்கும்போதே உதவித்தொகை வாங்கினால், வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம், குறைந்தது இரண்டு வருடம், பற்றாக்குறைப் பகுதியில் முதன்மை மருத்துவ (குடும்ப, பொது, குழந்தை மருத்துவம் போன்ற) வேலை. மனம் மாறி இதய நிபுணர் ஆகப் போனால் மூன்று மடங்கு திருப்பிக் கட்ட வேண்டிவரும். 22 வயதில் அவ்வளவு உறுதி இல்லையென்றால் இரண்டாவது வழி: ரெசிடென்சி முடித்துவிட்டு அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்து கடனை அடைக்க உதவி வாங்குவது. முதன்மை மருத்துவத்தில் முழுநேரமாக இரண்டு வருடத்துக்கு 75,000 டாலர் வரை, ஸ்பானிஷ் தேர்ச்சிக்கு மேலும் 5,000. லாபநோக்கற்ற இடத்தில் வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டினால் மீதி அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் உண்டு. லாபநோக்கற்ற மருத்துவமனையில் செய்யும் ரெசிடென்சியும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் முதல் மாதமே படிவம் போடுங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தைப் பற்றாக்குறைப் புள்ளி, அதாவது அங்கே டாக்டர் பற்றாக்குறை எவ்வளவு என்று அரசு போடும் புள்ளி, பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். முதன்மை மருத்துவத்துக்கு 25 வரை. புள்ளி கூடக்கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் புள்ளியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நேர்காணலில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள்: ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள்? புதியவருக்கு எத்தனை நிமிடம்? மொழிபெயர்ப்பாளர் நேரில் இருப்பாரா, தொலைபேசியிலா? குறிப்பு எழுத வாரத்தில் அரை நாள் தருவீர்களா? கடைசியாக விலகிய டாக்டர் எத்தனை வருடம் இருந்தார், ஏன் போனார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மேலாளர் சொல்வதைக் கேட்டுவிட்டு, மதிய உணவு நேரத்தில் மெடிக்கல் அசிஸ்டென்ட்களிடமும் அதையே கேளுங்கள்.